ஹைப்போஸ்பேடியாஸ் அறுவை மருத்துவத்தின் வரலாறு

ஹைப்போஸ்பேடியாஸ் என்பது ஆண் குழந்தைகளுக்கு ஏற்படும் ஒரு பிறவிக் குறை ஆகும். ஆண்குறியின் நுனியில் இருக்க வேண்டிய சிறுநீர்த்துளை இக்குறை உள்ள குழந்தைகளுக்கு அடிப்பக்கத்தில் எங்கோ ஓரிடத்தில் அமைந்துவிடுகிறது. ஏறத்தாழ 200 முதல் 300 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் இது காணப்படுகிறது. ஆண் குழந்தைகளின் பிறவிக் குறைகளுள் மிகப் பரவலாகக் காணப்படுபவற்றில் இதுவும் ஒன்று. ஆயினும் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவோர் குறைவு. ஒரு தெருவில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், அடுத்த தெருவில் முன்பே ஒருவன் இதே குறையுடன் பிறந்து, சிகிச்சை பெற்று, நலமாக வளர்ந்திருப்பது பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

துளை நுனிக்கு அருகில் இருந்தால் அது எளிய வகை. ஆண்குறியும் விரைப்பையும் சேரும் இடத்திலோ, விரைப்பையிலோ, அதற்கும் பின்னால் மலவாய்க்கு முன்னுள்ள பகுதியிலோ இருந்தால் அது கடுமையான வகை. கடுமையான வகையில் ஆண்குறி கீழ்நோக்கி வளைந்திருக்கும். முன்தோல் அடியில் மூடாமல் மேற்பக்கம் மட்டும் குடை போல் தொங்கும். விரைப்பை இரண்டாகப் பிளந்தது போலத் தோன்றும். நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க இயலாது. சரிசெய்யாமல் விட்டால் வளர்ந்தபின் தாம்பத்திய வாழ்விலும் மகப்பேற்றிலும் இடர் வரலாம். இக்கடுமையான வகையைச் சீர்செய்ய மருத்துவர்கள் மேற்கொண்ட முயற்சிகளின் வரலாற்றையும், விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் குழந்தைகளுக்கு அச்சிகிச்சை எட்டிய வழியையும் இக்கட்டுரை கூறுகிறது.

குறை உண்டாகும் விதம்

கருவின் தொடக்க வாரங்களில் ஆண், பெண் இருபாலாருக்கும் புற உறுப்புகள் ஒரே மாதிரியாகவே இருக்கும். ஏறத்தாழ எட்டாவது வாரத்திலிருந்து ஆண் கருவின் விரைகள் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அது உறுப்புகளில் உள்ள ஒரு நொதியால் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் எனும் வலிமை மிக்க வடிவமாக மாறும். அதன் தூண்டுதலால் அடிப்பக்கத்தில் இருக்கும் இரு மடிப்புகள் அடியிலிருந்து நுனி நோக்கி ஒன்றோடொன்று இணைந்து குழாயாகின்றன. பையின் ஜிப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இழுத்து மூடுவதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். ஜிப் பாதியில் நின்றுவிட்டால் அந்த இடத்திலேயே துளை அமைந்துவிடும். தொடக்கத்திலேயே நின்றுவிட்டால் துளை விரைப்பைக்கு அருகில் அமையும். அதுவே கடுமையான வகை.

பெரும்பாலான குழந்தைகளில் இது ஏன் நேர்ந்தது என்று குறிப்பாகக் காட்ட முடிவதில்லை. சில குடும்பங்களில் தந்தைக்கோ உடன்பிறந்தவனுக்கோ இருந்திருக்கும். எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளில் சற்று அதிகம் காணப்படுகிறது. சிலரிடம் ஹார்மோன் உற்பத்தியிலோ அது செயல்படும் விதத்திலோ மாறுபாடு இருக்கும். கிரகணத்தன்று தாய் வெளியே வந்ததோ, கருவுற்ற காலத்தில் அவர் உண்ட பண்டமோ இதற்குக் காரணம் அல்ல. தாயைக் குறைசொல்லும் வழக்கத்துக்கு மருத்துவ நூல்களில் எந்த ஆதாரமும் கிடையாது.

பழங்கால மருத்துவம்

ஹைப்போஸ்பேடியாஸ் என்பது கிரேக்கச் சொல். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் மருத்துவர் இச்சொல்லை இக்குறைக்குப் பயன்படுத்தினார். ஆண்குறி வளைந்திருப்பதால் விந்து உரிய இடத்தைச் சேராது, மகப்பேறு தடைப்படும் என்பதை அவர் அறிந்திருந்தார். அக்காலத்தை ஒட்டி வாழ்ந்த ஹெலியோடோரஸ், ஆன்டில்லஸ் ஆகிய அறுவை மருத்துவர்கள் கூறிய சிகிச்சை இன்று கேட்க அச்சமூட்டுவது. துளைக்கு முன்னால் உள்ள பகுதியை வெட்டி நீக்கி, மிஞ்சிய பகுதியின் நுனியில் துளை இருக்குமாறு செய்தனர். குருதியைச் சூடிட்டு நிறுத்தினர். துளை நுனிக்கு வந்துவிடும், உறுப்பு குறைந்துவிடும். துளை அடியில் இருந்த கடுமையான வகைக்கு இம்முறையால் எப்பயனும் இல்லை.

பின்னர் அரபு மருத்துவர்களும், பதினைந்தாம் நூற்றாண்டில் துருக்கியில் வாழ்ந்த சரபெத்தின் சபுஞ்சுவோலுவும் இக்குறையைப் பற்றி எழுதினர். நுனியில் புதிதாகத் துளையிட்டு அதில் ஈயக் குழலோ வேறு உலோகக் குழலோ செருகி வைப்பது அவர்கள் காலத்து வழி. தோலால் புதிய குழாய் செய்யலாம் என்னும் எண்ணம் அதுவரை எவருக்கும் தோன்றவில்லை.

மூக்கு அறுவை காட்டிய வழி

அந்த எண்ணத்துக்கு வித்திட்டதில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. அறுபட்ட மூக்கை அருகிலுள்ள தோலைக் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைச் சுசுருதர் பெயரால் வழங்கும் பழைய நூல் விவரிக்கிறது. பிற்காலத்தில் நெற்றித் தோலைக் கொண்டு மூக்கு அமைக்கும் வழக்கம் இந்தியாவில் சில இடங்களில் தலைமுறை தலைமுறையாக நீடித்தது. 1792ஆம் ஆண்டுப் போரில் திப்பு சுல்தானின் படையிடம் சிக்கி மூக்கை இழந்த கவாஸ்ஜி என்னும் மாட்டுவண்டிக்காரருக்குப் பின்னர் இம்முறையில் மூக்கு அமைக்கப்பட்டது. அச்செய்தி 1794இல் லண்டன் இதழ் ஒன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைக் கண்டு ஊக்கம் பெற்ற ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் தாமும் இம்முறையைச் செய்து பார்த்து 1816இல் நூல் எழுதினார். செருமனியில் கிரேஃபே, அவருக்குப்பின் டீஃபன்பாக் ஆகியோர் இக்கலையை வளர்த்தனர்.

இதன் அடிப்படை நெற்றித் தோலை முழுவதும் அறுத்து எடுக்காமல், ஒரு பக்கம் காம்பு போல உடலோடு விட்டுவைத்து, அதைத் திருப்பி மூக்கின் மேல் பொருத்துவது ஆகும். காம்பின் வழியாக இரத்தம் ஓடிக்கொண்டிருப்பதால் தோல் உயிருடன் இருக்கும். உழவர்கள் பதியம் போடுவதை இதனுடன் ஒப்பிடலாம். தாய்ச்செடியிலிருந்து கிளையை வெட்டாமலே வளைத்து மண்ணில் புதைத்து, வேர் பிடித்தபின் பிரிப்பது போன்றது இது. இத்தகைய தோலை மடல் என்பர். முழுவதும் அறுத்தெடுத்து வேறிடத்தில் வைக்கும் தோலை ஒட்டு என்பர். அது நாற்றைப் பிடுங்கி நடுவதைப் போன்றது. புதிய இடத்தில் இரத்தம் பிடித்தால்தான் பிழைக்கும். ஹைப்போஸ்பேடியாஸ் அறுவையின் பின்வரலாறு முழுவதும் மடல், ஒட்டு என்னும் இவ்விரண்டையும் சுற்றியே நடந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு

டீஃபன்பாக் 1830களில் இக்குறையைச் சீர்செய்ய முயன்றார். பெரிய வெற்றி கிட்டவில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த மெட்டாயர் 1842இல் வளைவை நிமிர்த்துவதே முதல் வேலை என்று எழுதினார். பிரான்சின் பூயிசோன் 1860ஆம் ஆண்டளவில் விரைப்பைத் தோலை மடலாகத் திருப்பிக் குழாய் செய்ய முயன்றார். செருமனியின் தியர்ஷ், பிரான்சின் துப்ளே ஆகியோர் அடிப்பக்கத் தோலில் இரு கீறல்கள் இட்டு, நடுவிலுள்ள பட்டையைச் சுருட்டிக் குழாயாக்கித் தைத்தனர். துப்ளேயின் முறை 1874இல் வெளிவந்தது. முதலில் வளைவை நிமிர்த்துதல், பின்பு குழாய் அமைத்தல், இறுதியில் பழைய துளையோடு அதை இணைத்தல் என்று மூன்று கட்டமாக அவர் செய்தார். 1897இல் லியோன் நகரின் நோவே-ஜோசரான் தோல் ஒட்டைக் குழாயாகச் சுருட்டிப் பொருத்தினார்.

ஈதர், குளோரோஃபாம் ஆகிய மயக்க மருந்துகள் 1840களில் புழக்கத்துக்கு வந்ததும், கிருமி நீக்கும் முறைகள் அந்நூற்றாண்டின் இறுதியில் பரவியதும் இம்முயற்சிகளுக்கு உதவின. ஆயினும் தையல் நூல் தடிமனாக இருந்தது, சிறுநீர் தையல்களின் வழியே கசிந்தது, சீழ் பிடித்தது. கட்டப்பட்ட குழாயில் ஓட்டை விழுவது அக்காலத்தில் விதிவிலக்காக இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி

பாரிசின் ஓம்பிரெதான் 1911இலும், மாத்தியூ 1932இலும் தத்தம் முறைகளை வெளியிட்டனர். மாத்தியூ முறை எளிய வகைக்குப் பல காலம் பயன்பட்டது. 1941இல் இங்கிலாந்தின் ஹம்பி உதட்டின் உட்பக்க மென்தோலை எடுத்துச் சிறுநீர்க்குழாய் அமைத்தார். எப்போதும் ஈரமாக இருக்கும் வாயின் உட்தோல் சிறுநீரின் ஈரத்தையும் தாங்கும் என்பது அதன் சிறப்பு. அவர் காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படாத இம்முறை, அரை நூற்றாண்டுக்குப்பின் உலகெங்கும் பரவியது.

லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய டெனிஸ் பிரௌன் 1949இல் ஒரு புதிய கருத்தைச் சொன்னார். தோல் பட்டையைக் குழாயாகச் சுருட்ட வேண்டியதில்லை. பட்டையாகவே விட்டு அதன்மேல் பக்கத்துத் தோலை மூடித் தைத்தால், உட்புறம் தானே வளர்ந்து குழாயாகும் என்பதே அது. விடுதலைக்குப்பின் இங்கிலாந்து சென்று பயின்று திரும்பிய இந்திய மருத்துவர்கள் பலர் இம்முறையை அறிந்திருந்தனர். 1950களில் அமெரிக்காவின் பையர்ஸ் இரண்டு கட்ட முறையைச் செம்மைப்படுத்தினார். முதல் அறுவையில் வளைவை நிமிர்த்தி, மேற்பக்கம் வீணாகத் தொங்கும் முன்தோலை அடிப்பக்கம் கொண்டுவந்து பரப்புதல். சில மாதம் கழித்து அத்தோலைக் குழாயாக்குதல்.

ஆக்ராவில் பிறந்த முறை

இந்தியாவின் பெயரை இத்துறையில் உலக நூல்களில் இடம்பெறச் செய்தவர் ஆக்ரா சரோஜினி நாயுடு மருத்துவக் கல்லூரியின் ஹரிசங்கர் அசோபா. அவரும் அவருடைய உடன்பணியாளர்களும் 1971இல் முன்தோலால் குழாய் செய்து ஒரே கட்டத்தில் குறையைச் சரிசெய்யும் முறையை வெளியிட்டனர்.

முன்தோலுக்கு உட்பக்கம், வெளிப்பக்கம் என இரு முகங்கள் உண்டு. உட்பக்கத் தோல் மென்மையானது, முடி முளைக்காதது. விரைப்பைத் தோலால் குழாய் செய்தால் பருவ வயதில் அதற்குள் முடி முளைத்து, அதில் கல் படியும். முன்தோலின் உட்பக்கத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அசோபா அவ்வுட்தோலைக் குழாயாகச் சுருட்டினார். ஆனால் அதை வெளித்தோலிலிருந்து பிரிக்கவில்லை. இரண்டையும் ஒன்றாகவே மேலிருந்து அடிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தார். உட்தோல் சிறுநீர்க்குழாயாகவும், அதோடு ஒட்டியிருக்கும் வெளித்தோல் அதன்மேல் போர்வையாகவும் அமைந்தன. இரண்டுக்கும் ஒரே இரத்த ஓட்டம் என்பதால் குழாய் பட்டுப்போகும் ஆபத்து குறைந்தது. சிறப்புக் கருவி எதுவும் தேவைப்படாத முறை இது.

1980இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த டக்கெட், உட்தோலை வெளித்தோலிலிருந்து பிரித்து, இரத்தக்குழாய்களை மட்டும் காம்பாக வைத்துத் திருப்பும் முறையை வெளியிட்டார். அது பெரும்புகழ் பெற்றது. இத்துறைக்கே தனிப் பெயர் சூட்டிப் பரப்பியவரும் அவரே. ஒரே கட்ட முறைகளின் வரலாற்றை எழுதுவோர் டக்கெட்டின் பெயரோடு அசோபாவின் பெயரையும் சேர்த்தே குறிப்பிடுகின்றனர். பிற்காலத்தில் சிறுநீர்க்குழாய் அடைப்புக்கு அசோபா 2001இல் வெளியிட்ட மற்றொரு முறையும் அவர் பெயராலேயே வழங்குகிறது. இராஜஸ்தானின் பீகானேரைச் சேர்ந்த அமிலால் பட், கடுமையான வகையிலும் இயற்கையாக உள்ள பட்டையை வெட்டாமல் பிரித்தெடுத்து வளைவை நிமிர்த்தும் முறையை 2007இல் வெளியிட்டார்.

ஒரே கட்டமா, இரண்டு கட்டமா

1994இல் அமெரிக்காவின் ஸ்னாட்கிராஸ், அடிப்பக்கப் பட்டையின் நடுவே ஒரு கீறல் இட்டு அதை அகலமாக்கிச் சுருட்டும் எளிய முறையை வெளியிட்டார். துளை நுனிக்கு அருகில் உள்ள வகைக்கு இது உலகெங்கும் பொதுமுறை ஆயிற்று. வளைவு மிகுந்த கடுமையான வகைக்கு இது பெரும்பாலும் பொருந்துவதில்லை. வளைவை நிமிர்த்த அப்பட்டையையே குறுக்கே வெட்ட வேண்டியிருப்பதே காரணம்.

1995இல் இங்கிலாந்தின் பிராக்கா இரண்டு கட்ட முறையைப் புதுப்பித்தார். முதல் கட்டத்தில் வளைவை நிமிர்த்தி, முன்தோலின் உட்பக்கத்தையோ வாயின் உட்தோலையோ ஒட்டாக வைத்துப் புதிய பட்டை அமைத்தல்; ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் காத்திருந்து, ஒட்டு நன்கு பிடித்தபின் அதைக் குழாயாகத் தைத்தல். ஒரே கட்டத்தில் முடித்தால் குழந்தைக்கு ஒரு மயக்க மருந்தோடு போகும், பெற்றோருக்கு அலைச்சல் குறையும் என்பது ஒரு சாரார் வாதம். அவசரத்தில் கட்டிய குழாய் உடைந்தால் மூன்றாவது, நான்காவது அறுவை தேவைப்படும். அப்போது பயன்படுத்த நல்ல தோல் மிச்சமிராது என்பது மறுசாரார் வாதம். பலமுறை அறுத்தும் சீராகாத நோயாளிகளைப் பற்றி ஹார்ட்டன், டிவைன் ஆகிய அமெரிக்க மருத்துவர்கள் 1970இலேயே எழுதினர். இவ்வாதம் இன்னும் முடியவில்லை. எந்த முறையைக் கையாண்டாலும், கடுமையான வகையில் குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேற்பட்டோர் வரை மறு அறுவை தேவைப்பட்டதாகக் காணப்படுகிறது. கசிவுத்துளை, குழாய் சுருங்குதல், குழாய் பை போலப் புடைத்தல், வளைவு திரும்புதல் ஆகியவை அதற்கான காரணங்கள்.

தமிழ்நாட்டில் வளர்ச்சி

சென்னை அரசு பொது மருத்துவமனையின் தொடக்கம் 1664ஆம் ஆண்டு. மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கியது. ஆயினும் குழந்தைகளுக்கென்று தனி அறுவை மருத்துவம் இந்தியாவில் உருவானது விடுதலைக்குப் பிறகே. அதுவரை பெரியவர்களுக்கு அறுவை செய்தவர்களே குழந்தைகளுக்கும் செய்தனர். சென்னையில் இத்துறைக்கு அடித்தளம் இட்டவர்களுள் எம். எஸ். இராமகிருஷ்ணன் குறிப்பிடத்தக்கவர். 1960களில் குழந்தைகள் அறுவை மருத்துவர்களுக்கென அகில இந்திய அமைப்பு ஏற்பட்டது. எழும்பூரில் குழந்தைகள் நல நிலையமும் மருத்துவமனையும் அப்பத்தாண்டின் இறுதியில் உருவாயின.

ஒரு வயதுக் குழந்தையின் சிறுநீர்க்குழாயைத் தைப்பதற்குக் கண்ணும் நூலும் முக்கியம். உருப்பெருக்கும் கண்ணாடிகளும், 1970களில் வந்த தானே கரையும் மெல்லிய செயற்கை நூல்களும், முதுகின் அடிப்பகுதியில் போடும் மரத்துப்போகும் ஊசியும் இவ்வறுவையைக் குழந்தைப் பருவத்திலேயே செய்ய உதவின. முன்பு பள்ளிக்குச் செல்லும் வயதுவரை காத்திருந்தனர். 1996இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 6 மாதம் முதல் 12 மாதத்துக்குள் செய்வது நல்லது என்று பரிந்துரைத்தது. இன்று பொதுவாக 6 முதல் 18 மாதம் வரையிலான காலம் ஏற்றதாகக் கருதப்படுகிறது. ஆயினும் பிந்தி வந்த குழந்தைக்கும் சிகிச்சை உண்டு.

திண்டிவனமும் விழுப்புரமும்

இவ்வட்டாரத்தின் மருத்துவ வரலாற்றில் 1890ஆம் ஆண்டு ஒரு மைல்கல். அப்போது திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்த ஐடா ஸ்கடரிடம் ஒரே இரவில் மூன்று குடும்பத்தினர் பிரசவ உதவி கேட்டு வந்தனர். அவருடைய தந்தை மருத்துவர். உதவ அவர் அணியமாக இருந்தார். ஆண் மருத்துவர் பெண்களைப் பார்க்கக்கூடாது என்று அக்குடும்பத்தினர் திரும்பிவிட்டனர். மூன்று பெண்களும் இறந்தனர். அந்த நிகழ்ச்சியே ஐடாவை மருத்துவம் படிக்கத் தூண்டியது. அவர் 1900இல் வேலூரில் தொடங்கிய ஒற்றைப் படுக்கை மருத்துவ இல்லமே இன்றைய கிறித்துவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது.

மருத்துவர் அருகில் இருந்தும் நாணம் தடுத்தது என்பதே அந்நிகழ்ச்சியின் பாடம். ஹைப்போஸ்பேடியாஸ் வரலாற்றிலும் அதே தடை நீண்டகாலம் இருந்தது. வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த குழந்தைக்கு இக்குறை இருப்பதைப் பெண்கள் கண்டாலும், அதை வெளியில் சொல்ல நாணினர். பையன் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பதைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும்போதோ, திருமணப் பேச்சு எழும்போதோதான் பலர் மருத்துவமனையை நாடினர்.

தொலைவும் ஒரு தடையாக இருந்தது. தென்னார்க்காடு மாவட்டம் 1993இல் பிரிக்கப்பட்டு விழுப்புரம் தனி மாவட்டத் தலைநகராகும்வரை மாவட்டத் தலைமை மருத்துவமனை கடலூரில் இருந்தது. கடுமையான குறைக்குத் தேவையான சிறப்பு மருத்துவர்களை நாட இவ்வட்டார மக்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது புதுச்சேரி ஜிப்மர். பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964 முதல் இப்பெயரில் விளங்கும் இந்நிறுவனம், திண்டிவனம் சாலையில் கோரிமேட்டில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியே இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். இரண்டாவது சென்னை எழும்பூர். விழுப்புரம் சந்திப்பிலோ திண்டிவனத்திலோ ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் குழந்தைகள் மருத்துவமனை அருகிலேயே உள்ளது. மூன்றாவது வேலூர்.

2010இல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி முண்டியம்பாக்கத்தில் தொடங்கப்பட்டது. அதைவிடப் பெரிய மாற்றம் பிரசவங்கள் மருத்துவமனைக்கு வந்தது. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடக்கின்றன. ஆதலால் இக்குறையைப் பிறந்த அன்றே கண்டுபிடிக்க முடிகிறது. 2009இல் தமிழ்நாட்டில் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அது பெற்ற முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட வடிவமும் அறுவைச் செலவின் சுமையைக் குறைத்தன. 2018இல் வந்த பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் பட்டியலில் இவ்வறுவை ஒரே கட்டம், பல கட்டம் எனத் தனித்தனியே இடம்பெற்றுள்ளது. ஆனால் கரும்பு வெட்டியும் கட்டட வேலை செய்தும் பிழைக்கும் குடும்பத்துக்கு அறுவைச் செலவைவிட, இரண்டு மூன்று முறை வந்து தங்குவதால் இழக்கும் கூலியே பெரிது. முதல் கட்டம் முடிந்தபின் இரண்டாம் கட்டத்துக்கு வராமல் நின்றுவிட்டால் முதல் அறுவையின் முழுப்பயன் கிடைக்காது.

முன்தோலைக் காத்தல்

புதிய குழாய்க்கு மூலப்பொருள் முன்தோலே. எனவே இக்குறை உள்ள குழந்தைக்கு அறுவைக்கு முன் முன்தோலை நீக்கக்கூடாது. சுன்னத்து செய்யும் வழக்கமுள்ள குடும்பத்தினர் இதை அறிந்திருப்பது இன்றியமையாதது. சீரமைப்பு அறுவையின் போதே முன்தோல் பயன்படுத்தப்பட்டுவிடுவதால், பெரும்பாலும் சுன்னத்தின் தோற்றமும் அதிலேயே அமைந்துவிடும். முன்தோல் முன்பே நீக்கப்பட்டிருந்தால், வாயின் உட்தோலை நாட வேண்டியிருக்கும்.

இன்று சிகிச்சை நடைபெறும் முறை

கடுமையான வகையில் முதலில் செய்வது அறுவை அன்று, ஆய்வு. இரு விரைகளும் பையில் உள்ளனவா என்று பார்ப்பர். ஒன்றோ இரண்டோ இறங்காமல் இருந்தால் குரோமோசோம் ஆய்வு, ஹார்மோன் ஆய்வு, ஸ்கேன் ஆகியவை தேவைப்படும். சில குழந்தைகளிடம் பிறப்பிலேயே ஆண், பெண் எனப் பிரித்தறிய இயலாத பாலின வளர்ச்சி மாறுபாடு இருக்கலாம். அட்ரினல் சுரப்பிக் குறைபாடு உள்ள பெண் குழந்தை, தோற்றத்தால் விரை இறங்காத ஆண் குழந்தை எனத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு. அக்குறைபாடு உரிய காலத்தில் கண்டறியப்படாவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதனால்தான் பிறந்த வாரத்திலேயே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்கின்றனர்.

உறுப்பு மிகச் சிறியதாக இருந்தால் அறுவைக்கு முன் சிறிது காலம் டெஸ்டோஸ்டிரோன் கொடுப்பதுண்டு. அறுவையின் போது செயற்கையாக விறைப்பை உண்டாக்கி வளைவின் அளவைக் காண்பர். 1974இல் கிட்டஸ், மெக்லாக்லின் ஆகியோர் கூறிய சோதனை இது. வளைவு நிமிர்ந்தபின், குழாய்க்கு மேல் இரத்த ஓட்டமுள்ள மெல்லிய திசு ஒன்றை இடைப்போர்வையாக வைத்துத் தோலை மூடுவர். குழாய்த் தையலும் தோல் தையலும் ஒன்றன்மேல் ஒன்று படாதிருக்க இது உதவும். அறுவைக்குப்பின் ஒரு வாரம் அல்லது அதற்குச் சற்று மேல் மெல்லிய கதீட்டர் வழியே சிறுநீர் வெளியேறும்.

சட்டமும் ஒப்புதலும்

2019 ஏப்ரல் 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், திருநங்கை ஒருவரின் திருமணப் பதிவு தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தார். அதில், இடைபாலினக் குழந்தைகளுக்கு அவர்கள் ஒப்புதல் அளிக்கும் வயது வரும்முன் பாலினத்தை மாற்றியமைக்கும் அறுவை செய்வதைத் தடுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற நேரங்களில் அத்தகைய அறுவைக்குத் தடை விதித்து ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் இவ்வாறு செய்த முதல் மாநிலம் தமிழ்நாடு.

ஆண் குழந்தை என்பதில் ஐயமில்லாத ஒருவனுக்குச் சிறுநீர் வழியைச் சீராக்குவது பாலின மாற்றம் அன்று. ஆனால் கடுமையான வகையில் சில குழந்தைகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையில் நிற்கின்றனர். அவர்களுக்குப் பெற்றோரின் அவசரத்தாலோ மருத்துவரின் ஊகத்தாலோ முடிவெடுத்துவிட்டு, அக்குழந்தை வளர்ந்தபின் தன்னை வேறாக உணர்ந்தால் அறுத்ததை மீட்க முடியாது. வெட்டி நீக்குவதையே சிகிச்சை எனக் கொண்டிருந்த பழங்காலத்திலிருந்து மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது. எப்படிச் செய்வது என்பதோடு, செய்யலாமா, எப்போது, யாருடைய ஒப்புதலோடு என்னும் கேள்விகளும் இப்போது சேர்ந்துள்ளன.

வளர்ந்த பின்

குழந்தைப் பருவத்தில் சரியாக அமைந்த குழாய், பருவ வயதில் உறுப்பு வளரும்போது சுருங்கலாம். வளைவு மீண்டும் தோன்றலாம். எனவே பருவ வயது கடக்கும்வரை இடையிடையே மருத்துவரிடம் காட்டுவது தேவை. விரைகள் இயல்பாக உள்ளவர்களுக்கு மகப்பேறு பெரும்பாலும் இயல்பாகவே அமைகிறது.

சிகிச்சை பெற்ற பலர் தமக்குச் சிறுவயதில் என்ன அறுவை நடந்தது என்பதை அறியாமலே வளர்கின்றனர். பெற்றோர் அதைச் சொல்வதில்லை. மருத்துவமனைச் சீட்டும் தொலைந்துவிடுகிறது. பின்னாளில் குறை தோன்றினால், முன்பு எந்தத் தோல் எடுக்கப்பட்டது, எந்த முறை கையாளப்பட்டது என்பது புதிய மருத்துவருக்குத் தெரிய வேண்டும். ஆகவே வெளியேற்றச் சீட்டைக் குடும்ப அட்டை, பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வதும், உரிய வயதில் மகனுக்கு உண்மையைச் சொல்வதும் இச்சிகிச்சையின் பகுதிகளாகவே இன்று கருதப்படுகின்றன.